நாற்றம் நின்ற பிறகு

முட்டை ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. சந்தேகத்துக்கு அவள் இன்னொன்றையும் உடைத்துப் பார்த்தாள். கிண்ணத்தில் மஞ்சள் கரு கொஞ்சமும் கலங்காமல் உருண்டையாக நின்றது. குனிந்து மோந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"நீயே வந்து பாரு. எல்லாம் நேத்து வாங்கினது," என்றாள்.

நாத்தனார் சமையலறை வாசலைத் தாண்டி வரவில்லை. நிறைமாதத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு வயிறு பெருத்துவிட்டது. கைத்துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் பார்க்க வேணாம் அண்ணி. வீடே நாறுது. நீங்க எப்படித்தான் இங்க நிக்கிறீங்களோ."

"உனக்கு நேத்து சோப்பு நாறிச்சு. முந்தாநேத்து உங்க அண்ணன் நாறினார்."

"அவர் எப்பவும்தான் நாறுவார். இது வேற."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் நாத்தனார் சிரித்து முடித்ததும் துண்டை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டாள்.

தன் புத்தியைவிட அடுத்தவர் புத்தி சரியாக இருக்கும் என்று நினைக்கிற சுபாவம் அண்ணிக்காரிக்கு. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அதனால் இதையும் அவள் விடவில்லை. குப்பைக் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிக்குழாயில் கொதிநீர் ஊற்றினாள். எலி ஏதாவது செத்திருக்குமோ என்று அலமாரிக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். தூசியும் ஒரு கரண்டியும்தான் வந்தன.

"இங்க இல்ல அண்ணி. பின்பக்கம்," என்றாள் நாத்தனார்.

பின்பக்கம் என்றால் துணி துவைக்கிற அறை. தகரக் கூரை போட்ட சின்ன அறை அது. ஒரு பழைய வாஷிங் மெஷினும் ஒரு சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. ஜன்னலைத் திறந்தால் கொல்லையில் துணிக்கொடியும், அதற்கு அப்பால் மேடும், மேட்டின்மேல் இரும்புக் கோபுரமும் தெரியும். அந்தக் கோபுரத்துக்குக் கீழேதான் அவள் புருஷனும் நாத்தனாரின் புருஷனும் வேலை செய்தார்கள்.

அங்கே இருப்பது எண்ணெய்க் கிணறு. பல வருஷங்களுக்கு முன்பு ஒரு பெரிய கம்பெனி துளைத்துப் பார்த்தது. எண்ணெயும் கேஸும் இருந்தன, ஆனால் அவர்கள் பசிக்குப் போதாது. சிமெண்டைக் கொட்டி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது ஒரு சின்னக் கம்பெனி வந்து, அந்த மூடியை வெட்டி, கிணற்றை மறுபடி திறந்துகொண்டிருந்தது. "பெரிய வீட்டுப் பிள்ளைங்க மிச்சம் வெச்ச தட்டை வழிக்கிறோம்," என்பான் அவள் புருஷன். அவன் அங்கே சூப்பர்வைசர். தங்கை புருஷனை அவனே வேலைக்குச் சேர்த்துவிட்டான். இவன் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிடப் போய், வெல்டர், கிரேன் டிரைவர், வாட்ச்மேன் என்று மேட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவன் மாப்பிள்ளையாகிவிட்டான். சம்பளம் வாங்கும்போதுகூட யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை.

மேட்டுக்காரர்கள் போட்டுக் கழற்றுகிற டாங்கிரிகளை, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் அந்த வேலை உடுப்புகளை, துவைத்துக் கொடுப்பது அவள் வேலை. சாயங்காலம் ஒரு மூட்டை வரும். காலையில் துவைத்துக் காயப் போடுவாள். கிணற்றின் மூடியை வெட்டிய புதிதில் அந்த மூட்டை அழுகின முட்டையாக நாறியது. துவைத்த கையோடு சாப்பிட உட்கார்ந்தால் வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியாது. எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்ப்பாள். போகப் போக நாற்றம் குறைந்தது. ஒருநாள் அடியோடு நின்றேவிட்டது. அன்று அவள் சந்தோஷமாகப் புருஷனிடம் சொன்னாள்: "இப்பல்லாம் உங்க துணியில நாத்தமே இல்லைங்க."

அவனும் சந்தோஷப்பட்டான். "கிணறு சுத்தமாகுதுன்னு அர்த்தம்," என்றான்.

இப்போது மூட்டை தொட்டியோரம் கிடந்தது. பிளாஸ்டிக் பையின் வாயை யாரோ கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவள் முடிச்சை அவிழ்த்ததும் பின்னால் நின்ற நாத்தனார் உவ்வே என்று குமட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதேதான் அண்ணி. சத்தியமா இதேதான். உங்களுக்குத் தெரியலயா?"

அவள் பைக்குள் முகத்தை விட்டாள். வியர்வை தெரிந்தது. டீசலும் தெரிந்தது. வேறு ஒன்றுமே தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பயிற்சி வகுப்பில் கேட்டதைப் புருஷன் சாப்பாட்டு நேரத்தில் நடித்துக் காட்டினான். எண்ணெயோடு சேர்ந்து ஒரு விஷவாயு வரும், அழுகின முட்டை மாதிரி நாறும், அதனால் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்றான். "ஆனா ரொம்ப மரியாதை தெரிஞ்சவன். கொஞ்சமா இருக்கறப்பதான் நாறுவான். ஜாஸ்தியானா, வாசல்ல செருப்பைக் கழட்டுற மாதிரி நாத்தத்தைக் கழட்டி வெச்சுட்டு உள்ள வருவான். மூக்கு செத்துப்போகும். அப்புறம் ஆளு." மாப்பிள்ளை ரொட்டி புரையேறச் சிரித்தான். நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"நீ உள்ள போய் உக்காரு. நான் பார்த்துக்கிறேன்," என்று நாத்தனாரிடம் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

துவைக்கும் முன் எல்லா ஜேபியையும் துழாவுவது அவள் வழக்கம். நட்டு, போல்ட்டு, மிட்டாய்த் தாள் என்று எதுவும் கிடைக்கும். மாப்பிள்ளையின் டாங்கிரி நீளம் குறைந்தது. அதன் மார்பு ஜேபியில் கனமாக ஒன்று தட்டியது. அது குருவி.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி அது. மேட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். வாயு வந்தால் கீச்கீச்சென்று கத்தும். அதனால் அதற்குக் குருவி என்று பெயர். நேற்று அழுக்கு டாங்கிரியைக் கழற்றிப் போட்டபோது மாப்பிள்ளை அதை எடுக்க மறந்திருக்கிறான். இன்று அது இல்லாமலே போயிருக்கிறான்.

அவளை உறைய வைத்தது அதுகூட இல்லை. குருவியின் நெற்றியில், காற்று நுழைகிற ஓட்டையின்மேல், பச்சை டேப் ஒட்டியிருந்தது. இரண்டு சுற்று, ஓரம் மடித்து, நேர்த்தியாக. அந்த மடிப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வாஷிங் மெஷினின் ரப்பர்க் குழாய் விரிசல் விட்டபோது புருஷன் இதே பச்சை டேப்பை, இதே மாதிரி ஓரம் மடித்துத்தான் ஒட்டினான். அது இன்னும் அவள் கண்முன்னால் மெஷினில் இருந்தது.

ஏன் ஒட்டினான் என்பதும் புரியாமல் இல்லை. ஈரக் காற்றுக்கும் குருவி கத்தும். அது ஒருமுறை கத்தினால் மொத்தப் பேரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு மேட்டுக்கு மேலே போய் நிற்க வேண்டும். "இன்னிக்கும் கத்திடுச்சு. அரை நாள் போச்சு," என்று அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்த சாயங்காலங்கள் உண்டு. இந்தக் கிணறு கேஸ் தராவிட்டால் கம்பெனி கடையைக் கட்டிவிடும். இந்த வீடு கம்பெனி வீடு. கொஞ்ச நாளாக அவன் அப்படி உட்காரவில்லை. குருவிகள் அடங்கிவிட்டன என்று அவள் நினைத்திருந்தாள்.

நகத்தால் டேப்பை உரித்தாள். குருவியைப் பையின் வாய்க்குள் நீட்டினாள்.

கொஞ்ச நேரம் பச்சை விளக்குதான் மினுக்கியது. பிறகு அது சிவப்பானது. தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சின்னக் கருவி கூச்சல் போட்டது.

"என்ன அண்ணி சத்தம்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பேட்டரி தீர்ந்திருக்கும்," என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். பையை இழுத்துக் கொல்லையில் எறிந்தாள். ஜன்னலைத் திறந்தாள். "நீ கொஞ்ச நேரம் பக்கத்து டீச்சர் வீட்ல போய் இரு. நாத்தம் போகட்டும். நான் மேட்டு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

"இப்ப எதுக்கு மேட்டுக்கு?"

"மாப்பிள்ளை இதை விட்டுட்டுப் போயிட்டாரு. குடுத்துட்டு வரேன்."

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள். "அவரு தலையையும் ஒருநாள் விட்டுட்டுத்தான் போவாரு," என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

மேட்டில் போன் வைத்திருக்கக் கூடாது. எல்லோர் போனும் கேட்டில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். கேட்டில் இருக்கிற போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காற்றே இல்லாத காலை. இரவெல்லாம் தூறிவிட்டு, மேகம் ஈரத்துணி போலத் தரையில் படுத்துக் கிடந்தது. குழாய்கள் போகும் பாதையோரம் நடந்தாள். பாதி தூரத்தில் அவளுடைய பழைய வியாதி பிடித்துக்கொண்டது. ஈரத்துக்குத்தான் கத்தியிருந்தால்? சோப்புத்தூள் பட்டிருந்தால்? இன்றைக்கு மத்தியானம் வால்வைத் திறந்து கேஸை அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று புருஷன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி வந்து நின்று, உங்கள் டேப்பைப் பிரியுங்கள் என்றால் அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? நாளைக்கு அவனை எவன் மதிப்பான்? வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு முறை நின்றாள். மேட்டின் உச்சியில் காற்று பார்க்கிற துணிக்குழாய் கம்பத்தில் கட்டியிருந்தது. காற்றடித்தால் யானைத் துதிக்கை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். இன்று அது செத்த கோழியின் கழுத்தாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் மறுபடி நடந்தாள். இந்த முறை வேகமாக.

கேட்டில் வாட்ச்மேன் ஒரு டேங்கர் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. துணி மூட்டை எங்க? கையை வீசிட்டு வர."

"அண்ணா, எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. அவசரம்."

"தங்கச்சிக்கு வலி கண்டுடுச்சா?"

"இல்ல. கூப்பிடுங்க." குருவியைக் காட்டினாள். "மாப்பிள்ளையோடது. இது இல்லாம எப்படி அவரை உள்ள விட்டீங்க?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் வரிசையா வந்தாங்க. பச்சை விளக்கு எரியுதான்னு பார்த்துப் பார்த்து விட்டேன். அவன் மட்டும் சட்டையைத் தட்டிட்டு, வீட்ல இருக்குண்ணேன்னான். மாப்ளதானேன்னு..." வாக்கி-டாக்கியை எடுத்தார்.

புருஷன் வேகவேகமாக இறங்கி வந்தான். தலைக்கவசத்தின் கீழே முகம் வேர்த்திருந்தது.

"என்ன ஆச்சு? அவளுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவளுக்கு ஒண்ணுமில்லைங்க." குருவியை நீட்டினாள். உரித்த பச்சை டேப் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் அதைப் பார்த்தான். வாட்ச்மேனைப் பார்த்தான். அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"இதுக்கா வந்த? சாயங்காலம் பேசக் கூடாதா?"

"மூட்டைகிட்ட வெச்சேன். கத்துச்சுங்க."

"ஈரத்துக்குக் கத்தும். எல்லாரும் ரெண்டு மாசமா இதோட படற பாடு உனக்குத் தெரியாது."

"உங்க தங்கச்சிக்கு நாறுதுங்க. எனக்கு நாறல."

"அவளுக்குப் பச்சைத் தண்ணிகூடத்தான் நாறும்."

"எனக்கு நாறலைங்க," என்றாள் மறுபடி. "முகத்தை உள்ள விட்டுப் பார்த்தேன். எனக்கு ஒண்ணுமே நாறல."

அவன் பொறுமையிழந்து தன் மார்பில் மாட்டியிருந்த குருவியின் டேப்பை டர்ரென்று உரித்தான். அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். பச்சை விளக்கு மினுக்கியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது கத்தவில்லை.

"பார்த்தியா? ஒண்ணுமில்ல. போதுமா?" என்றான். குரல் தணிந்தது. அவள் பயந்திருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "நீ வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காத. மாப்ள கிணத்துக் குழிக்குள்ளதான் தண்ணி இறைச்சிட்டிருக்கான். காலைல இறங்கறப்ப நாறுதுன்னு முகத்தைச் சுளிச்சான். இப்பதான் கேட்டேன். இப்ப நாத்தமே இல்ல மச்சான்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான்.

வாய் திறந்தபடி இருந்தது. சொன்ன வார்த்தையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்க்கிறவன் போல ஒரு மூச்சு எடுத்தான். பிறகு திரும்பி ஓடினான்.

கிணற்றைச் சுற்றி ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு சிமெண்டுக் குழி உண்டு. இந்த வாயு கனமானது. பள்ளத்தைத் தேடிப் போய் உட்காரும். காற்றில்லாத நாளில் கிளம்பாது. இதுவும் அந்தச் சாப்பாட்டு நேர நாடகத்தில் அவன் சொன்னதுதான். அவன் குழியை நோக்கி ஓடுவதை அவள் கேட்டிலிருந்து பார்த்தாள். பாதி தூரத்தில் அவன் மார்பிலிருந்த குருவி கத்த ஆரம்பித்தது. அவன் நிற்கவில்லை.

அவள் வாழ்க்கையில் யாரையும் அதட்டியதில்லை. பால்காரனிடம்கூட மெதுவாகத்தான் பேசுவாள். இப்போது அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் யாருடையதோ போல இருந்தது.

"பெட்டிங்க! முகமூடிப் பெட்டி! போடாம போகாதீங்க!"

சிலிண்டரோடு முகமூடி வைத்த மஞ்சள் பெட்டி மேட்டின் மேல்பக்கம் இருந்தது. குழிக்கு நேர் எதிர்த்திசை. அவன் நின்றான். குழியைப் பார்த்தான். அங்கிருந்து ஒரு பம்பு ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. ஆள் சத்தம் இல்லை. அவன் பெட்டியைப் பார்த்தான். தங்கை புருஷனை விட்டு எதிர்த்திசையில் ஓடு என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவன் நின்ற அந்தக் கணத்தில், புருஷனைத் தடுத்து மாப்பிள்ளையைக் கொன்றுவிட்டோமோ என்று பயந்தாள். டீச்சர் வீட்டு நாற்காலியில் வயிற்றின்மேல் கைவைத்து உட்கார்ந்திருப்பவளின் முகம் தெரிந்தது.

அவன் பெட்டியை நோக்கித் திரும்பினான்.

வாட்ச்மேன் சைரனின் கைப்பிடியைச் சுற்றினார். குழாய்களுக்கு நடுவிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். ஓடிக்கொண்டே ஒவ்வொருவரும் மார்பிலிருந்த டேப்பைப் பிய்த்தார்கள். கீழ்ப்பக்கம் நின்றவர்களின் குருவி முதலில் கத்தியது, பிறகு நடுவில், பிறகு கோபுரத்து ஏணியோரம். ஒரு மரம் நிறையக் குருவிகள் அந்திக்கு அடைந்தது போல மேடு முழுக்கக் கீச்சிட்டது. அந்த மேட்டில் மரமே கிடையாது.

அவனும் வெல்டரும் முகமூடி மாட்டி, கயிற்றோடு குழியில் இறங்கினார்கள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தாள். வாட்ச்மேன் பக்கத்தில் நின்று, "மாப்ளதானேன்னு விட்டேன், மாப்ளதானேன்னு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

கயிறு இறுகியது. முதலில் ஒரு தலை தெரிந்தது. தோளில் சாய்ந்த தலை. பிறகு அவள் துவைத்து மடித்துக் கொடுத்த டாங்கிரி, முழங்கால் வரை கறுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. மேட்டின் உச்சிக்குத் தூக்கிப்போய்ப் படுக்க வைத்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்து அழுத்தினார்கள். சுற்றி நின்ற முதுகுகள்தான் அவளுக்குத் தெரிந்தன. அந்த முதுகுகள் அசையவே இல்லை. கடைசியில் ஒருவன் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணை மூடினாள். அப்போதுதான் இருமல் கேட்டது. பழைய மோட்டார் கிளம்புவது போல, நின்று நின்று, கரகரவென்ற இருமல்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு நாள் இருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா வந்திருக்காங்களா?" என்றான், தேய்ந்த குரலில். "துணியில எதையும் விட்டுட்டுப் போனா திட்டுவீங்களே அக்கா. இனிமே விட்டுட்டே போறேன்."

"வாயை மூடிட்டுப் படுங்க தம்பி," என்றாள் அவள். வெளியே வந்து தாழ்வாரத்துச் சுவரில் நெற்றியை வைத்து நின்றாள்.

சாயங்காலம் மூவரும் வீடு திரும்பினார்கள். கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. பழைய சிமெண்டு எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது, வால்வுகளை எல்லாம் மூடியாகிவிட்டது, வெளியிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கும் வரை யாரும் மேட்டுக்குப் போக வேண்டாம் என்றார்கள். புருஷன் வீட்டுக்குள் வந்ததும் துவைக்கிற அறைக்குப் போனான். மெஷினுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழாயில் ஒட்டியிருந்த பச்சை டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டாள். கேட்க நிறைய நாள் இருந்தது.

காலையில் உடைத்த முட்டைகள் கிண்ணத்தில் அப்படியே கிடந்தன. அவற்றை அடித்து ஊற்றினாள். ரொட்டி சுட்டாள். அவன் வந்து மேஜையில் உட்கார்ந்தான். மூடின கிணறுதான், வால்வைத் திருகியிருக்கிறார்கள், கொல்லையில் கிடந்த பையைக் கம்பெனி ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள், இனி ஒன்றுமில்லை என்று அவள் மனசுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டாள். ஒருமுறை சொல்லி முடித்ததும் சரிபார்க்க இன்னொருமுறை சொன்னாள்.

நாத்தனார் முகம் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். காலையிலிருந்து அவள் அந்த வாசலைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. அழுது வீங்கின முகம். நின்று, மூக்கை உறிஞ்சி, மெதுவாக இழுத்துப் பார்த்தாள். தோள் இறங்கியது.

"அப்பாடா," என்றாள். "இப்ப நாத்தமே இல்ல அண்ணி."

கரண்டி அண்ணிக்காரியின் கையில் அப்படியே நின்றது. மேஜையில் புருஷன் தலையைத் தூக்கினான். நாத்தனார் அண்ணி முகத்தைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கும் உறைத்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

அவன் எழுந்து அடுப்பை அணைத்தான். பின்கதவைத் திறந்து தங்கையைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிப் போனான். அவர்கள் பின்னாலேயே அவளும் போனாள். செருப்பு போட யாருக்கும் தோன்றவில்லை. கொல்லையின் ஈரமண்ணில் மூவரும் நெருங்கி நின்றுகொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத் துணிக்கொடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

முந்தின நாள் காயப்போட்ட டாங்கிரிகள் வரிசையாகத் தொங்கின. ஒரு கைகூட அசையவில்லை.